சுவருக்கு மேலே பச்சைக் குடை

"உலகம்மாள்" என்று கூப்பிட்டான். அதுவும் கடைசியில் நாக்கை மடித்து ஒழுங்காக முடித்தான். போலந்துக்காரன், பெயர் ஷிமோன், க்ராக்கோ நகரத்தில் யூதர்கள் வாழ்ந்த பழைய தெருக்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிற வழிகாட்டி, என் மனைவியின் பெயரை என் மாமியாரை விடச் சுத்தமாகச் சொல்கிறான். இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து என் ஆபீசில் ஒருத்தன் வாயிலும் பால்வண்ணன் நுழைந்ததில்லை, பால் என்று கூப்பிட்டு முடித்துக்கொள்வார்கள், நானும் சரி போ என்று திரும்பிப் பார்ப்பேன். பெயர் கிடக்கட்டும். இவனுக்கு எப்படித் தெரியும்? சதுக்கத்து மூலையில் பச்சைக் குடை ஒன்றை அடையாளத்துக்கு உயர்த்திப் பிடித்து நின்றவன், கூட்டத்தில் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "மறுபடியும் வந்துவிட்டீர்களா, உலகம்மாள்!" என்றான். மறுபடியும். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி, "போன வாரம் வந்தேன்லா, நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க" என்றாள். வந்தேன்லா என்றால் என்னிடம் ஏற்கெனவே சொன்ன மாதிரி அல்லவா இருக்கிறது. சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்ததைச் சொல்கிறவள், மேல்மாடிக்காரன் நாய் மாற்றியதைச் சொல்கிறவள், இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வந்து பார்த்துவிட்டு, இந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக "வாங்க, ஒரு எடத்துக்குப் போவோம்" என்று என்னையும் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்கு? திருடப் போகிற வீட்டுக்குக் காவல்காரனையே கூட்டிப்போகிற திருடி உண்டா? இருக்காது என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு அவனுடைய தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுருள் சுருளாக, ஒரு காடு. எனக்கு முன்பக்கம் கடை சாத்தி நாளாகிறது.

கூட்டம் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். ஒரு வீட்டு வாசலில் நிற்கவைத்து, நிலைக்காலில் சாய்வாக ஒரு பள்ளம் தெரிகிறது பாருங்கள் என்றான், வேதவாக்கியம் எழுதிய சுருளை ஒரு சின்னக் கூட்டில் வைத்து இந்த இடத்தில் பதித்திருந்தார்கள், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் விரலால் தொட்டு முத்தமிட்டுக்கொள்வார்கள், கூட்டைப் பெயர்த்துவிட்டார்கள், பள்ளம் மட்டும் இருக்கிறது என்றான். உலகச் சண்டைக் காலத்தில் இந்தத் தெருக்காரர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்தினார்கள், அங்கிருந்து முகாம்களுக்கு, திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றான். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நானும் தொங்கப் போட்டேன், ஆனால் என் கண் மட்டும் ஓரமாக உலகுவின் கைக்குப் போனது. அவள் விரல் அந்தப் பள்ளத்தைத் தொட்டது. அவன் தொட்டுக் காட்டிய அதே இடத்தை. சே, என்ன பிறவி நான். இத்தனை குடும்பம் வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் போன தெருவில் நின்றுகொண்டு, பொண்டாட்டி எங்கே விரலை வைக்கிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தும் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஏனென்றால் அவள் சிரித்தாள். அடுத்த சந்தில் ஒரு ரொட்டிக்கடையின் பழைய பெயர்ப்பலகையைக் காட்டி அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, பல் தெரியச் சிரித்தாள். தென்காசியில் ஆனி மாதம் அவள் அப்பா போனதற்குப் பிறகு அந்தப் பல்லை நான் பார்க்கவில்லை. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். சினிமாவுக்குக் கூட்டிப்போனேன், இடியாப்பம் பிழிந்தேன், பிழிந்த இடியாப்பம் களியாகிப் போனதற்குக் கூட அவள் சிரிக்கவில்லை, "பரவால்ல, சாப்பிடலாம்" என்று சாப்பிட்டாள். களி இடியாப்பத்துக்குச் சிரிக்காதவள் செத்துப்போன ரொட்டிக்கடைக்காரனின் கதைக்குச் சிரிக்கிறாள். அன்றைக்கு ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் கொஞ்ச நாள் அம்மாகூடப் போய் இருக்கலாம்னு பாக்கேன்" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. திரும்பி வருவியா என்று கேட்டுவிடுவேனோ என்று பயந்து, "சரி, பாப்போம்" என்று பால்கனிக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வியை இன்றுவரை கேட்கவில்லை.

தூற்றல் விழுந்தது. பெரிய மழையில்லை, முகத்தில் ஈரத்துணியை உதறின மாதிரி. ஆளாளுக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஷிமோன் குடையைத் தாழ்த்தினான், பக்கத்தில் நின்ற உலகுவின் தலைக்கு மேல் சாய்த்தான். அடையாளத்துக்குப் பிடிக்கிற குடை. கூட்டத்துக்குப் பொதுவான குடை. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்பார்கள், இது அதையும் தாண்டி விட்டது, இங்கே பொண்டாட்டியும் அவனுடையவள் இல்லை, என்னுடையவள். அவளும் விலகவில்லை. நான் குடை கொண்டு வரவில்லை, வானம் தெளிந்திருக்கிறது என்று காலையில் அடித்துச் சொன்னவன் நான்தான். குடை என்றதும் மனசு வேறொரு குடைக்குப் போகப் பார்த்தது, கறுப்புத் துணி, வளைந்த மரப்பிடி, பிடியில் ஈரம். அங்கே போக வேண்டாம். திரும்பு. இந்தப் பச்சைக் குடையையே பார். ஒரு குடைக்குள் இரண்டு பேர் நின்றால் இரண்டு தோளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே நடந்தேன், பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு தெருக்கம்பத்தில் இடித்துக்கொண்டேன். பின்னால் வந்த வயதான அம்மாள் ஒருத்தி, அர்ஜென்டினாவிலிருந்து வந்தவளாம், "அடிபட்டதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உலகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே வந்து நின்றோம். உயரமான சுவர், நடுவில் ஓர் இரும்புக் கதவு, திறந்திருந்தது. ஷிமோன் எதிர்ப்புறத்து நடைபாதையிலேயே நின்றுகொண்டு தோள்பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். அதில் கூழாங்கற்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்தான். "இங்கே கல்லறைக்குப் பூ வைக்கும் வழக்கமில்லை, கல்தான் வைப்போம். உள்ளே போய் உங்களுக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே வையுங்கள். நான் வர மாட்டேன். நீங்கள் வெளியே வந்ததும் எங்கே வைத்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்பதை அப்புறம் சொல்கிறேன்" என்றான். வழிகாட்டி வெளியே நிற்பானாம், வழி தெரியாதவர்கள் உள்ளே போக வேண்டுமாம், நல்ல கூத்து. நான் தெருவைக் கடந்து கதவுக்குப் போனேன். உலகுவும் கூட வந்தாள். கதவுப் படியில் ஒரு காலை எடுத்து வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கனயே நிக்கேன்."

"என்னத்துக்கு?"

"நம்ம பக்கம் பொம்பளைங்க போக மாட்டாங்கள்லா."

"இந்த ஊரு ராஜா கோட்டையில போன மாசம் நெலவறைக்கு எறங்கிப் பாத்தியே. அதுவும் ராஜாக்க சமாதிதான்."

"அது பளிங்குல கெடந்துச்சு. இது மண்ணு" என்றாள். பிறகு, "நல்லாப் பாத்துட்டு வாங்க, என்ன" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, தெருவைக் கடந்து, அந்தப் பச்சைக் குடைக்குக் கீழே போய் நின்றுகொண்டாள்.

நல்லாப் பாத்துட்டு வாங்க. அதாவது சீக்கிரம் வந்து தொலையாதே. வாசலில் ஆண்கள் தலையை மூடக் குல்லா வைத்திருந்தார்கள். எடுத்து வைத்தேன். முடியிருக்கிற தலையில் நிற்கும் போல, என் தலையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் குல்லாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கூழாங்கல்லை இறுக்கிக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி நான் அலைந்தேன். பாசி பிடித்த கற்கள், புரியாத எழுத்து, ஈர இலைகள். உடைத்துப் போட்ட கற்களைப் பொறுக்கி ஒரு சுவராகவே கட்டியிருந்தார்கள், அதில் பாதிச் சிங்கம், பாதி மான், பாதிப் பெயர். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்தார்கள். நான் மேட்டைத் தேடினேன். ஒரு மூலையில் மண் உயர்ந்திருந்தது, அதில் ஏறி எட்டிப் பார்த்தால் சுவருக்கு மேலே தெருவில் ஏதாவது தெரியும். தெரிந்தது. பச்சைக் குடையின் முதுகு மட்டும் தெரிந்தது. கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், எவ்வளவு இடைவெளி, ஒன்றும் தெரியவில்லை. குடை கொஞ்சம் ஆடியது. ஏன் ஆடுகிறது? சிரிக்கிறார்களா? குடை நின்றுவிட்டது. ஏன் நின்றது? அழுகிறாளா? என்னிடம் அழாதவள் அவனிடம் அழுகிறாளா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மாமா, உலகுவின் அப்பா, சொல்வார், சீட்டு விளையாடும்போது, நான் பயந்து பயந்து துருப்பை இறக்கினால் சொல்வார். மாமா. வேண்டாம். அன்றைக்கும் அவள் தெருமுனையில்தான் நின்றாள். நாங்கள் போலந்திலிருந்து போய்ச் சேரும் வரைக்கும் அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், ஒரே மகள், பெட்டிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டே கிடந்தாள், தூக்கும்போது தெருமுனை வரைக்கும் ஓடி வந்தாள், அங்கே பெண்கள் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள், "இதோட சரி, தாயி, இதுக்கு மேல நம்ம போகக்கூடாது". நாங்கள் போனோம். கொள்ளி வைத்தது அவள் பெரியப்பா மகன், அவளோடு சின்ன வயசிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவன். அவளைப் பெற்ற அப்பாவை ஊரிலிருக்கிற ஆண் எல்லாம் பார்க்கிறான், அவள் மட்டும் பார்க்கவில்லை. சுடுகாட்டில் சாரல் அடித்தது. விறகு அடுக்கி முடியவில்லை. யாரோ சிரிக்கிறார்கள், மாப்ள, மாப்ள என்கிறார்கள். போதும், நிறுத்து. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள், கண்ணால் கேட்டாள், நான் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது" என்றேன். வேறென்ன சொல்வது, அப்படித்தான் சொல்வார்கள். அத்தை இப்போதும் போனில் புலம்புவாள், துஷ்டி கேட்க வந்த கூட்டத்தில் எவனோ கூடத்து ஆணியில் தொங்கிய மாமாவின் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று. நான் பக்கத்திலிருந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

"அழகாக இருக்கிறது, இல்லையா?" அர்ஜென்டினாக்கார அம்மாள். நான் ஏதோ கல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறாள். அப்போதுதான் முன்னால் இருந்த கல்லைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகள், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட, ஆசீர்வாதம் செய்கிற மாதிரி செதுக்கியிருந்தது. "குருக்கள் வம்சத்துக்காரரின் கல்லறை. யூதர்களின் பழைய கோவில் காலத்திலிருந்து வருகிற வம்சம். இவர்கள் செத்தவர் பக்கமே வரக்கூடாது, தெரியுமோ? கல்லறைக்குள் கால் வைக்க மாட்டார்கள். பெற்றவர், பிள்ளை, கூடப்பிறந்தவர், மனைவி, இவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. என் வீட்டுக்காரரும் இந்த வம்சம்தான், சிநேகிதர்களின் சாவுக்கெல்லாம் சுவருக்கு வெளியே காரில்தான் உட்கார்ந்திருப்பார். நம் வழிகாட்டிப் பையனும் அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றாள். எனக்குள் ஓர் ஐஸ்கட்டி உருகியது. அப்படியானால் அவன் இவளுக்காக நிற்கவில்லை! எந்த நாளும், எந்தக் கூட்டத்துக்கும், வெளியேதான் நிற்பான். பாவம், நல்ல பிள்ளை. நம் ஊர்க் குருக்களைப் போல ஆசாரக்காரன். இவனைப் போய் இவ்வளவு நேரம் நினைத்தேனே என்று அசடு வழிய நானே சிரித்துக்கொண்டேன். சிரித்து முடிக்கவில்லை, அடுத்தது வந்துவிட்டது. அவன் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, சரி. இவள் நிற்பதற்கு? அவன் எப்படியும் தனியாக நிற்பான் என்று போன வாரமே தெரிந்தவள் இவள். தெரிந்துதான் வந்திருக்கிறாள். தெரிந்துதான் கதவுவரை வந்து திரும்பியிருக்கிறாள். கையிலிருந்த கல் வியர்வையில் நனைந்துவிட்டது. எங்கேயும் வைக்கத் தோன்றவில்லை. சுவருக்கு மேலே குடை அதே இடத்தில் இருந்தது.

வெளியே வந்தேன். குல்லாவைப் பெட்டியில் போட்டுவிட்டு வேகமாகத் தெருவைக் கடந்தேன், எதையோ கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவன் மாதிரி. இரண்டு பேரும் பேசவே இல்லை. அவன் குடையைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றிருந்தான், அவளும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத்தான் பார்த்து நின்றிருந்தாள். பஸ் வருமா என்று பார்க்கிறவர்கள் மாதிரி. ஒவ்வொருவராக வர, அவன் கேட்டான். எங்கே வைத்தீர்கள், என்ன பார்த்தீர்கள்? ஒருவன் மரத்தடியில் சாய்ந்த கல் என்றான். ஒருத்தி ஒரு கல்லில் மூன்று பறவைகள் இருந்ததைச் சொன்னாள். ஷிமோன் "பறவைகளா? எந்தப் பக்கம் பார்த்திருக்கின்றன?" என்று கேட்டான், பசிக்கிறவன் சாப்பாட்டைக் கேட்கிற மாதிரி. நான் அவனைப் பார்க்கவில்லை. உலகுவைப் பார்த்தேன். அந்தப் பசி அவள் முகத்திலும் இருந்தது. உதடு லேசாகத் திறந்து, ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயை அவள் அப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கு எரிந்தது.

"நீங்கள்?" என்றான் ஷிமோன் என்னிடம். "எங்கே வைத்தீர்கள்?"

கையை விரித்தேன். கல் உள்ளேயே இருந்தது. கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். "நிறையக் கல் இருந்தது. எல்லாம் நன்றாக இருந்தது" என்றேன்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க" என்றாள் உலகு. தமிழில், மெல்ல.

"என்னைக்கு?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுன்னு."

"அதுக்கு இப்ப என்ன? அதெல்லாம் பொம்பளைங்ககிட்ட..."

"சொல்லக்கூடாதா? யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், போகக்கூடாது என்றுதான் இருக்கிறது. கேட்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை.

"போன வாரம் இவரு பக்கத்துல நின்னேன்" என்றாள். "உள்ள போகவே மாட்டாரு, ஆனா வாறவங்ககிட்ட எல்லாம் கேக்காரு. அவங்க சொல்லச் சொல்ல இவரும் போயிட்டு வந்த மாதிரி ஆயிருதாரு. அப்பதான் எனக்குத் தெரிஞ்சிது, கேக்கலாம்னு. நான் கேட்டா நீங்க பால்கனிக்குப் போயிருவீங்க. இந்த மனுஷன் கேட்டா வாயத் தொறப்பீங்களோன்னுதான் கூட்டிட்டு வந்தேன். அப்பாவக் கொண்டு போனீங்கள்லா. என்ன பாத்தீங்க?"

ஷிமோனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நாக்கை மடித்துப் பெயர் சொன்னவன் இப்போது எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பிறகு அந்தச் சந்தோஷமும் போய்விட்டது, அவள் கண் என் வாயிலேயே இருந்தது, கேட்காவிட்டால் செத்துப்போவேன் என்பது போல. கொஞ்ச நாள் அம்மாகூட என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் இதுதான் என்று எனக்கு அந்த இடத்தில் பட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் அவள் போய்விடுவாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சாரல் அடிச்சிது" என்றேன். "எறக்கி வச்சிருந்தாங்க. வெறகு அடுக்க நேரமாச்சு. மாமா மொகத்துல தண்ணி விழுந்துட்டே இருந்துச்சு. கண்ணு மூடிருக்கு, தொடச்சுக்க முடியாது அவருக்கு. நான் குடை பிடிச்சேன்."

அவள் மார்போடு அணைத்திருந்த கைப்பையைக் கீழே இறக்கினாள்.

"எல்லாரும் சிரிச்சானுவ. எரியப் போற ஒடம்புக்கு என்னத்துக்கு மாப்ள குடைன்னு. நான் மடக்கல. வெறகு மேல தூக்கி வைக்கிற வரைக்கும் பிடிச்சிட்டு நின்னேன். சுடுகாட்டுக்குப் போனத வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுன்னு அங்கனயே போட்டுட்டாங்க."

"எந்தக் குடை?" என்றாள்.

"ஆணியில தொங்குமே, அப்பாவோடது."

அவள் பச்சைக் குடைக்கு வெளியே வந்தாள். தூற்றலில், எனக்கு எதிரே வந்து நின்று, என் கையிலிருந்த கல்லை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அதுல ஒரு கம்பி ஒடஞ்சிருக்கும். ஒரு பக்கம் ஒழுகுமே" என்றாள்.

"ஒழுகுச்சு" என்றேன். "அந்தப் பக்கம் எம்மேல வாற மாதிரி சாச்சுப் பிடிச்சேன்."